ஒரு மணி இருபத்தைந்து நிமிடங்கள்

எங்கள் வீட்டில் ஆங்கிலக் கடிதம் எழுதும் பொறுப்பு என்னுடையது. தொடக்கநிலை ஆறாம் வகுப்பு முடித்த ஆண்டிலிருந்து அப்படித்தான். கசியும் கூரையைப் பற்றி நகர மன்றத்துக்கு, தம்பியின் விடுப்பைப் பற்றி அவன் பள்ளிக்கு, தவறாகச் சேர்த்த கட்டணத்தைப் பற்றித் தொலைபேசி நிறுவனத்துக்கு என்று எத்தனையோ எழுதிவிட்டேன். இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் பலருக்கும் வீட்டில் இதே வேலை இருக்கும். அதனால், அப்பா ஓர் அபராத அறிவிப்பைச் சாப்பாட்டு மேசைமீது வைத்து, "இதுக்கு ஒரு அப்பீல் எழுதும்மா" என்று சொன்னபோது பத்து நிமிட வேலை என்றுதான் நினைத்தேன். ஐந்து நாளாயிற்று.

என் தாத்தாவுக்கு வயது 78. செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நீரிழிவு நோயால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சக்கர நாற்காலிதான். இடது பாதத்தில் ஒரு புண் ஆறாமல் இருப்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்தகத்துக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும். அப்பா அன்று இரவுநேர வேலைக்கு மாற்றிக்கொள்வார். வகுப்பு இல்லையென்றால் நானும் போவேன்.

அப்பாவின் காரில் முன்கண்ணாடிக்கு உட்புறம் ஒரு லேபிள் இருக்கிறது. எஸ்ஜி எனேபல் அமைப்பு தருவது. சக்கர நாற்காலி அடையாளம் போட்ட அகலமான இடத்தில் காரை நிறுத்த அது வேண்டும். இந்த லேபிளில் இரண்டு வகை உண்டு என்பதே எனக்கு இந்த விவகாரத்துக்குப் பிறகுதான் சரியாகத் தெரிந்தது. முதல் வகை, உடற்குறையுள்ள ஒருவர் தாமே காரோட்டினால் அவருக்குக் கிடைப்பது. இரண்டாம் வகை, அப்படிப்பட்டவரைப் பயணியாக ஏற்றிச் செல்லும் வாகனத்துக்கு. எங்களுடையது இரண்டாம் வகை. அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: ஏற்றவும் இறக்கவும் மட்டும்தான் அந்த இடம், அதிகபட்சம் 60 நிமிடங்கள். நிறுத்திய நேரத்தை எழுதி, வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும்படி வைக்க வேண்டும். முதல் வகைக்கு இந்த 60 நிமிடக் கணக்கு கிடையாது.

அன்று அப்பா காரை நிறுத்தியது காலை மணி 9.40க்கு. அதை ஒரு சீட்டில் பெரிய எண்களில் எழுதி வைத்தார். அதில் அவர் என்றுமே தவறியதில்லை. தாத்தாவின் முறை பத்து மணிக்கு. ஆனால் கூப்பிட்டபோது மணி 10.25 ஆகிவிட்டது. உள்ளே போய்த் திரும்பி வந்தபோது மணி 11.15. கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் அந்தக் காகிதம் இருந்தது. அதில் அச்சிட்டிருந்த நேரம் 11.05. தொகை மூன்று இலக்கம். அப்பா அதைப் படித்துவிட்டு நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. தாத்தாவை ஏற்றினோம், நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்தோம், வீட்டுக்கு வந்தோம்.

அன்று மாலையே கணினியின் முன் உட்கார்ந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் வரைவை நான் எழுதவில்லை. "சக்கர நாற்காலியில் இருக்கும் தாத்தாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது கிடைத்த அபராதத்துக்கு உருக்கமான முறையீட்டுக் கடிதம் வேண்டும்" என்று செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டேன். அரை நிமிடத்தில் ஒன்றரைப் பக்கம் வந்தது. படித்தால் கல்லும் கரையும். ஆனால் அதில் தாத்தா மூச்சுத் திணறலால் அவதிப்பட்டார். அப்பா வேலையிழந்து இருந்தார். நான் இதில் எதையும் சொல்லவில்லை. உருக்கம் கேட்டேன், அது கொடுத்துவிட்டது. இதை அப்படியே அனுப்பியிருந்தால் அப்பாவின் பெயரில் ஒரு பொய் வாக்குமூலம் போயிருக்கும். அழித்துவிட்டேன்.

இரண்டாவது வரைவை நானே எழுதினேன். அதிலும் உண்மை குறைவுதான். அப்பா பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சொல்லச் சொல்ல எழுதினேன். மருந்து வாங்கும் இடத்தில் நீண்ட வரிசை. அதனால் தாமதம். எங்களால் யாருக்கும் எந்த இடையூறும் ஏற்படவில்லை. ஆகவே அபராதத்தை ரத்து செய்ய வேண்டும்.

"மருந்துக்கு நாம நிக்கவே இல்லையேப்பா. அன்னிக்கு மருந்தே வாங்கல," என்றேன்.

"அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்பாயிண்ட்மெண்ட் சீட்டை இணைக்கணும்பா. மருந்து ரசீது எங்கேன்னு கேட்டா?"

அப்பா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். அவர் ஏன் அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். நானும் அந்த அறைக்குள் இருந்தேனே. 10.25க்கு உள்ளே போனோம். தாதி கட்டைப் பிரித்தார். மருத்துவர் பாதத்தைப் பார்த்தார். வழக்கமாக ஐந்து நிமிடத்தில் போய்விடுபவர் அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடது பாதத்தின் இரண்டு விரல்களில் இரத்த ஓட்டம் சரியாக இல்லை, மேலும் பரிசோதனைகள் தேவைப்படும், விரல்களை எடுக்க வேண்டி வரலாம் என்று சொன்னார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை அப்பா தமிழில் தாத்தாவிடம் சொல்ல வேண்டும். அப்பா பாதியை விழுங்கிவிட்டார். "இன்னும் சில டெஸ்ட் எடுக்கணுமாம்பா," என்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்த நேரத்தில் 60 நிமிடம் ஆகிவிட்டதா என்று அவர் எப்படிப் பார்த்திருப்பார்? எனக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் என்னிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை.

இதை முன்பின் தெரியாத ஓர் அதிகாரிக்கு எழுத அப்பாவுக்கு மனம் வரவில்லை. வரிசையில் நின்றேன் என்று சொல்வது அவருக்கு எளிதாக இருந்தது.

அடுத்த இரண்டு நாள்கள் நான் கடிதத்தைத் தொடவில்லை. செய்ய வேண்டிய வேலையைத் தள்ளிப்போடும்போது தேவையில்லாததையெல்லாம் படிப்போம் இல்லையா, அப்படி நிறையப் படித்தேன். சாதாரணமாகக் காருக்கு ஒதுக்கும் இடம் 2.4 மீட்டர் அகலம். சக்கர நாற்காலி அடையாளம் போட்ட இடம் 3.6 மீட்டர். அந்தக் கூடுதல் 1.2 மீட்டர், கதவை முழுவதும் திறந்து நாற்காலியைப் பக்கத்தில் கொண்டுவந்து, இருக்கையிலிருந்து அதற்கு மாறுவதற்கு. பேரங்காடியின் வாசலுக்குப் பக்கத்தில் நிறுத்தக் கிடைக்கும் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். பக்கத்தில் இருப்பது வசதி, அவ்வளவுதான். அகலம் இல்லாவிட்டால் சிலரால் காரைவிட்டு இறங்கவே முடியாது.

தரையில் வரைந்திருக்கும் அந்த அடையாளத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. அதை 1968ல் வரைந்தவர் சுசான் கோஃபோட் என்ற டென்மார்க் நாட்டு வடிவமைப்பு மாணவி. நம் வயதுக்காரர் என்றே வைத்துக்கொள்ளலாம். அவர் வரைந்ததில் வெறும் நாற்காலிதான் இருந்தது. அதன்மேல் ஒரு வட்டத்தை வைத்துத் தலையாக்கி, அதில் ஒரு மனிதரை உட்கார வைத்தவர் கார்ல் மோன்டன் என்பவர். அடுத்த ஆண்டே அது அனைத்துலக அடையாளமாக ஏற்கப்பட்டது. வடிவமைப்புத் துறையில் படிக்கும் என் தோழியிடம் இதைச் சொன்னபோது, "தலை இல்லாம விட்டிருந்தா நாற்காலி விக்கிற கடைன்னு நினைச்சிருப்பாங்க," என்றாள்.

சட்டத்தையும் கொஞ்சம் படித்தேன். நமக்கு வரும் அந்த அறிவிப்பு ஒரு தீர்ப்பு இல்லை. விதியை மீறியதாகக் கருதுகிறோம், இந்தத் தொகையைக் கட்டினால் நீதிமன்றம் போகாமல் முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லும் ஏற்பாடு அது. கட்டிவிட்டால் விவகாரம் முடிந்தது என்று பொருள். ஆகவே முறையிட நினைப்பவர் கட்டுவதற்கு முன்பு முறையிட வேண்டும். முதலில் கட்டிவிட்டு, பிறகு நியாயம் கேட்கலாம் என்று நினைப்பது பெரியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. எங்கள் மாமா ஒருமுறை அப்படித்தான் செய்தார். இன்னொரு தவறு, அறிவிப்பை இழுப்பறையில் போட்டுவிட்டு மறந்துபோவது. அதில் கடைசி நாள் அச்சிட்டிருக்கும். அது கடந்தால் விவகாரம் நீதிமன்றத்தை நோக்கிப் போகும்.

மூன்றாவது நாள் இரவு மறுபடியும் உட்கார்ந்தோம். தாத்தா கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். நான் இரண்டாவது வரைவை அப்பாவுக்குப் படித்துக்காட்டித் தமிழிலும் சொன்னேன். "எங்களால் யாருக்கும் எந்த இடையூறும் ஏற்படவில்லை" என்ற வரி வந்ததும் தாத்தா தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார்.

"அந்த வெள்ளைக் கார்க்காரரு?"

எந்த வெள்ளைக் கார் என்று கேட்டோம்.

"நாம கிளம்புறப்ப எதிர்ல ஒருத்தரு கார்ல உக்காந்திருந்தாரே. என்ஜின் ஓடிக்கிட்டிருந்துச்சு. முன்சீட்டுல சக்கர நாற்காலி மடிச்சு வெச்சிருந்துச்சு. பாக்கலியா நீங்க?"

அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வெள்ளைக் கார் எனக்கு நினைவிருந்தது. நாங்கள் தாத்தாவை ஏற்றுவதற்குள் அது அவசரப்படுத்துவதுபோல எனக்குத் தோன்றியது, அதனால் கொஞ்சம் எரிச்சலும் பட்டேன். நாங்கள் வெளியேறியதும் எங்கள் இடத்துக்கு அது வந்ததைப் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். அதற்குள் ஒரு சக்கர நாற்காலி இருந்ததை நான் பார்க்கவில்லை. அப்பாவும் பார்க்கவில்லை. தாத்தாவின் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டிருக்கிறது.

அங்கே அப்படிப்பட்ட இடங்கள் இரண்டே இரண்டு. மற்றொன்றிலும் ஒரு கார் நின்றிருந்தது. தனியாக வந்தவர் சாதாரண இடத்தில் நிறுத்தினால், கதவை முழுவதும் திறந்து நாற்காலியை வெளியே எடுக்க முடியாது. உதவிக்கு இறங்க அவர் காரில் வேறு யாரும் இல்லை. காத்திருப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இருந்திருக்காது.

"அவரு எவ்ளோ நேரம் நின்னாருன்னு நமக்குத் தெரியாதுல்ல," என்றார் அப்பா.

"தெரியாதுன்னா, இடைஞ்சல் இல்லேன்னு எப்படிடா எழுதுவ?" என்றார் தாத்தா.

பிறகு சம்பந்தமில்லாததுபோல ஒரு கதை சொன்னார். அவர் இளைஞராக இருந்த காலத்தில் சிராங்கூன் சாலைப் பக்கம் கடிதம் எழுதிக் கொடுப்பவர் ஒருவர் இருந்தாராம். பட்டறையில் சம்பளம் பிடித்ததைப் பற்றி மனு எழுதப் போயிருக்கிறார். தாத்தா சொன்னது, "ரெண்டு நாள் வரல, காய்ச்சல்." எழுதியவர் ஆங்கிலத்தில் என்னென்னவோ சேர்த்து ஒரு பக்கம் நிரப்பிவிட்டார். மேலதிகாரி அதைப் படித்துவிட்டுத் தாத்தாவைக் கூப்பிட்டு, உன் மனைவி இறந்ததற்கு வருந்துகிறேன் என்று கை கொடுத்தாராம். அப்போது தாத்தாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. செயற்கை நுண்ணறிவு வருவதற்கு முன்பே இந்தச் சேவை இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

அதன்பிறகு தாத்தா இன்னொன்றும் சொன்னார். "வெரல் விஷயத்தை எழுதிக்க. எனக்குத் தெரியும்." அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார். மருத்துவர் பேசிய முகத்தைப் பார்த்தே தாத்தா புரிந்துகொண்டிருந்தார். மூன்று நாள்களாக மகன் மறைப்பதாக நினைத்துக்கொண்டிருந்ததை அப்பாவும், அது மகனுக்குத் தெரிய வேண்டாம் என்று தாத்தாவும் காத்திருக்கிறார்கள். முறையீட்டுக் கடிதத்தால் எங்கள் வீட்டில் நடந்த நல்ல காரியம் என்றால் அது அந்த இரவு நடந்ததுதான். இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் என் அறைக்குப் போய்விட்டேன்.

மூன்றாவது வரைவு இருபது நிமிடத்தில் முடிந்தது. அரைப் பக்கம்கூட இல்லை. என்ன எழுதினேன் என்று சொல்கிறேன், உங்களில் யாருக்காவது உதவலாம். முதல் வரியில் அறிவிப்பின் எண், காரின் எண், நாள், இடம். அடுத்து, எங்களிடம் இருப்பது இரண்டாம் வகை லேபிள் என்றும் 60 நிமிட வரம்பை மீறிவிட்டோம் என்றும் நேரடியாக ஒப்புக்கொண்டேன். இதை முதலிலேயே சொல்ல அப்பா தயங்கினார். ஆனால் நாங்கள் எழுதி வைத்த சீட்டிலேயே 9.40 என்று இருக்கிறது, அறிவிப்பில் 11.05 என்று இருக்கிறது. கழித்துப் பார்க்க அவர்களுக்குத் தெரியாதா? ஒப்புக்கொள்ளாமல் சுற்றி வளைத்தால் படிப்பவரின் பொறுமைதான் குறையும்.

பிறகு நடந்ததை நேர வரிசையில் வைத்தேன். 9.40க்கு நிறுத்தினோம். பத்து மணி முறை 10.25க்குத் தள்ளிப்போனது. அறைக்குள் இருந்தபோது, எஞ்சியிருக்கும் பாதத்தின் விரல்களையும் எடுக்க நேரலாம் என்று மருத்துவர் தெரிவித்தார். தாத்தாவுக்கு ஆங்கிலம் போதாது என்பதால் அப்பாதான் மொழிபெயர்த்தார். அந்த நேரத்தில் காரை நகர்த்த வேண்டும் என்பதை மறந்துவிட்டார். "மறந்துவிட்டார்" என்ற சொல்லை அப்படியே எழுதினேன். 'தவிர்க்க முடியாத சூழல்' என்றெல்லாம் எழுதவில்லை. தவிர்த்திருக்க முடியும். முறை தள்ளிப்போன அந்த 25 நிமிடத்தில், நான் தாத்தாவோடு உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அப்பா போய்க் காரை மாற்றி நிறுத்தியிருக்கலாம்.

வெள்ளைக் காரைப் பற்றி ஒரு வரி. நாங்கள் கிளம்பும்போது அந்த இடத்துக்காக ஒருவர் காத்திருந்ததைக் கண்டோம், அவருக்கு ஏற்பட்ட இடையூறுக்கு வருந்துகிறோம் என்று எழுதினேன். "நம்ம தலையில நாமே மண்ணை அள்ளிப் போட்டுக்கணுமா?" என்று அப்பா கேட்டார். அந்த வரியை எடுத்துவிட்டால் கடிதம் எங்களுக்குச் சாதகமாக இருக்கும் என்பது எனக்கும் தெரிந்தது. எடுக்கலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். தாத்தா அடுத்த அறையில் இருந்ததால் எடுக்கவில்லை, அதுதான் நிஜம்.

கடைசியாக, என்ன கேட்கிறோம் என்பது. இதற்குமுன் இந்த லேபிளுடன் எந்த விதியையும் மீறியதில்லை, ஆகவே அபராதத்தைக் குறைப்பதையோ எச்சரிக்கையாக மாற்றுவதையோ பரிசீலிக்க வேண்டுகிறோம் என்று முடித்தேன். மருந்தகத்தின் முறைச்சீட்டு, லேபிளின் படம், 9.40 என்று எழுதிய சீட்டின் படம் மூன்றையும் இணைத்தேன். அந்தச் சீட்டு எங்களுக்கு எதிரான சாட்சிதான். ஆனால் நேரத்தை மறைக்காமல் வைத்திருந்தோம் என்பதற்கும் அதுவே சாட்சி. இணையப் படிவத்தில் எழுத்துகளுக்கு ஓர் எல்லை இருந்தது. என் முதல் வரைவு அதற்குள் நுழைந்தே இருக்காது.

பதில் வருவதற்குள் அடுத்த முறை வந்துவிட்டது. இம்முறை அப்பா தாத்தாவை இறக்கிய கையோடு காரை எடுத்துக்கொண்டு அடுத்த புளோக்கின் பலமாடி வாகன நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டார். நானும் தாத்தாவும் கூரை போட்ட நடைபாதையில் காத்திருந்தோம். அப்போது அந்த வெள்ளைக் கார் வந்தது.

அவர் இறங்கும் விதத்தை நான் முழுவதும் பார்த்தேன். பார்க்கக்கூடாது என்று நினைத்தும் பார்த்தேன். கதவை அகலத் திறந்தார். பக்கத்து இருக்கையிலிருந்து நாற்காலியின் சட்டத்தைத் தூக்கித் தன் மடிக்கு மேலாக வெளியே கொண்டுவந்தார். பிறகு சக்கரங்களை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினார். மெத்தையை வைத்தார். ஒரு கையைக் காரின் இருக்கையிலும் மறு கையை நாற்காலியிலும் ஊன்றி, உடலைத் தூக்கி மாறினார். திறந்த கதவுக்கும் மஞ்சள் கோட்டுக்கும் நடுவில் அந்த 1.2 மீட்டர் முழுவதும் அவருக்குத் தேவைப்பட்டது.

தாத்தா கையசைத்தார். அவரும் அசைத்துவிட்டு எங்களிடம் வந்தார். சீனர், ஐம்பது வயதிருக்கும். நான்தான் ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்பு நாங்கள் அதிக நேரம் நிறுத்திவிட்டோம், மன்னியுங்கள் என்றேன். அவருக்கு நினைவிருந்தது. பத்தரை மணிக்கு வந்தாராம். 10.45க்கு இயன்மருத்துவ சிகிச்சை. நாங்கள் போனது 11.15க்கு. முறை தவறிவிட்டதால் அவருக்கு வேறு நாள் கொடுத்துவிட்டார்கள். நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். அவர் காத்திருந்த 45 நிமிடத்தில் முதல் பத்து எங்களுக்கு உரியவை. மீதி 35 நிமிடம் அவருடையவை.

அதிகாரியிடம் சொன்னது நீங்களா என்று கேட்க நினைத்தேன். நான் கேட்குமுன்பே அவர், "நான் யாரிடமும் புகார் செய்யவில்லை," என்றார். லேபிள் இல்லாத கார் என்றால் படம் எடுத்து அனுப்பிவிடுவாராம். "உங்கள் காரில் லேபிள் இருந்தது, நேரமும் எழுதியிருந்தது. உள்ளே யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஏமாற்றுக்காரர் மீது கோபப்படலாம். உங்கள் மீது கோபப்படுவது எனக்குக் கடினமாக இருந்தது. அதனால் சும்மா உட்கார்ந்திருந்தேன்," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தாத்தா என்னிடம், "என்ன சொல்றாரு?" என்று கேட்டார். நான் முழுவதையும் சொன்னேன். அப்பாவைப்போல் பாதியை விழுங்கவில்லை.

பதில் அதற்கு அடுத்த வாரம் மின்னஞ்சலில் வந்தது. நான்கு வரி. சூழ்நிலையைக் கருத்தில்கொண்டு தொகையைக் குறைத்திருக்கிறார்கள். முழுத் தள்ளுபடி இல்லை. இரண்டாம் வகை லேபிளின் நேர வரம்பை நினைவூட்டி ஒரு வரி. வெள்ளைக் காரைப் பற்றி நான் எழுதியதற்குப் பதில் எதுவும் இல்லை. அந்த வரி இல்லாவிட்டால் முழுவதும் தள்ளுபடி ஆகியிருக்குமா, அல்லது அதனால்தான் குறைத்தார்களா என்று அப்பாவும் நானும் ஒரு மாலை முழுவதும் வாதிட்டோம். அப்பா அன்றிரவே கைப்பேசியில் கட்டிவிட்டார். "இதுவே பரவாயில்ல," என்றார். ஆனாலும் முணுமுணுத்துக்கொண்டேதான் கட்டினார்.

எனக்கு இதில் இன்னும் ஒரு குறை உண்டு. முதியவர் ஒருவரை ஓட்டுநர் மட்டும் தனியாக அழைத்துவந்தால் என்ன செய்வார்? அவரை நடைபாதையில் விட்டுவிட்டுக் காரை மாற்றி நிறுத்தப் போக வேண்டும். நினைவாற்றல் குறைந்தவராக இருந்தால் அது முடியுமா? அறுபது நிமிடம் போதாத மருத்துவ முறைகளும் இருக்கின்றன. விதி தவறு என்று நான் சொல்லவில்லை. அது யாருக்காக இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். இடம் இரண்டே இரண்டு என்பதுதான் சிக்கல். சிங்கப்பூரில் மூப்படைவோர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. இப்படிப்பட்ட மருந்தகங்களின் வாசலில் இரண்டு இடங்கள் எத்தனை நாளைக்குப் போதும்? இதைப் பற்றியும் ஒரு கடிதம் எழுதலாம் என்று நினைத்திருக்கிறேன். இதற்கு வரைவு தேவைப்படாது.

தாத்தாவுக்கு இரத்த ஓட்டப் பரிசோதனை முடிந்துவிட்டது. ஒரு விரல் போய்விடும், மற்றொன்றைக் காப்பாற்றலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இம்முறை மருத்துவர் சொன்னதை அப்பா ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். தாத்தா கேட்டுக்கொண்டு, "எந்த வெரல்?" என்று மட்டும் கேட்டார்.

நான் கார் ஓட்டப் பழகுவதற்கான அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வுக்குப் பதிவு செய்திருக்கிறேன். உரிமம் கையில் வரும்வரை என் வேலை, தாத்தாவோடு நடைபாதையில் நிற்பதும் கிளம்பும் நேரத்தில் அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிடுவதும்தான். ஐந்தே நிமிடத்தில் இடத்தைக் காலி செய்துவிடுகிறோம். இருந்தாலும் அப்பா ஒவ்வொரு முறையும் நேரத்தை எழுதி வைக்கிறார். சென்ற முறை தாத்தா அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் பெருசா எழுது, வெளியிலேருந்து தெரியல," என்று திருப்பிக் கொடுத்தார்.